தப்பான இடத்தில் தோண்டியது: ரூ. 25,000

என் வீட்டு நோட்டில் 2022 செப்டம்பர் பக்கத்தில் இப்படி ஒரு வரி இருக்கிறது: "தப்பான இடத்தில் தோண்டியது. ரூ. 25,000. இரண்டு தவணை." தோண்டியது என் வீட்டில் இல்லை, கிழக்கு வீட்டுப் பெரியம்மையின் குளியலறையில். தோண்ட வைத்தது நான். பணத்தைக் கொடுத்து முடித்து வெகுநாள் ஆகிவிட்டது. ஆனாலும் கொத்தனாரைக் கூப்பிட வேண்டிய வேலை எது வந்தாலும் கை முதலில் அந்தப் பக்கத்தைத்தான் புரட்டுகிறது. இத்தனைக்கும் அதற்கு முன்பே நான் கணக்கு வைக்கிற ஆள்தான். பில் ஒன்றையும் தொலைத்ததில்லை. கம்ப்யூட்டரில் வருடவாரியாக, வேலைவாரியாகக் கட்டம் போட்டு வைத்திருந்தேன். அவ்வளவு இருந்தும் எப்படித் தப்பான இடத்தில் தோண்ட வைத்தேன் என்பதைத்தான் எழுதிப் பார்க்கிறேன்.

நாகர்கோவில் வடிவீஸ்வரத்தில் சுவரோடு சுவர் ஒட்டிய பழைய வீடுகளில் ஒன்று எங்களுடையது. தெருவில் நின்று பார்க்கிறவருக்கு ஒரு திண்ணையும் ஒரு கதவும்தான் தெரியும். உள்ளே வந்தால் தார்சா, பட்டாசல், முற்றம், இரண்டாங்கட்டு, அடுக்களை, அங்கணம், கிணற்றடி என்று புறவாசல் வரை போய்க்கொண்டே இருக்கும். அகலம் குறைவு, நீளம் அதிகம். கிழக்கிலும் மேற்கிலும் ஜன்னல் வைக்க வழியில்லை, இரண்டும் பொதுச்சுவர். பிரமாணத்தில் (வீட்டுப் பத்திரத்தில்) நான்கெல்லை சொல்லும் இடத்தில் எல்லை முடிவதே சுவரின் நடுவில்தான். உத்திரத்தில் கொல்லம் 1068 என்று செதுக்கியிருக்கிறது. அது மலையாள ஆண்டு, 824ஐயோ 825ஐயோ கூட்டிக்கொண்டால் 1892 அல்லது 93. பாட்டா (தாத்தாவை இங்கே அப்படிச் சொல்வோம்) இதை வாங்கியது கொல்லம் 1117ல், அதாவது திருவிதாங்கூர் மகாராஜா காலத்தில். அப்பா இதே வீட்டில் பிறந்து இதே வீட்டில் 2018ல் போய்ச் சேர்ந்தார். தம்பிக்கு வீடு வேண்டாம், பணம் போதும் என்றான். நான் திருச்சியில் வேலையை முடித்துக்கொண்டு 2019ல் வந்து பூட்டைத் திறந்தேன்.

வந்த நாள் முதலே இரண்டாங்கட்டின் கிழக்குச் சுவர் சரியில்லை. தரையிலிருந்து இடுப்பளவுக்குப் பெயின்ட் பொரிந்து, கையால் தடவினால் வெள்ளையாக உப்பு உதிரும். பழைய வீடு என்றால் அப்படித்தான் என்று ஒரு பீரோவை நகர்த்தி மறைத்துவிட்டேன். இங்கே பலரும் செய்கிற பராமரிப்பு இதுதான், நானும் செய்தேன். 2021 நவம்பரில் மாவட்டமே வெள்ளத்தில் கிடந்த அந்த வாரம், பீரோவின் முதுகுப் பலகை உப்பிப் பிளந்து, உள்ளே இருந்த பட்டுப்புடவைகளில் மஞ்சள் திட்டு விழுந்தது. பீரோவை இழுத்துப் பார்த்தால் சுவர் தலைக்கு மேல் வரை நனைந்திருக்கிறது. அந்தச் சுவருக்கு மறுபக்கம் என்ன இருக்கிறது? பெரியம்மையின் குளியலறை. எனக்கு வேறு யோசனையே வரவில்லை.

உங்கள் வீட்டில் ஈரம் வந்தாலும் முதலில் கண் போவது அடுத்த வீட்டுப் பக்கம்தான் என்று நினைக்கிறேன். தனி வீட்டுக்காரர் தன் கூரையைப் பார்ப்பார், தன் குழாயைப் பார்ப்பார். எங்கள் தெருவில் அப்படி இல்லை. எங்கே சொட்டினாலும் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு ஆள் இருக்கிறாரே, அவரைக் கேட்டுவிடுவது சுலபம். பெரியம்மைக்கு அப்போது எழுபத்தெட்டு. தனியாக இருக்கிறார், மகன் மஸ்கட்டில். நான் போய்ச் சொன்னதும் அவர் திண்ணையில் உட்கார்ந்தபடியே, "உங்க அப்பன் முற்றத்த மூடுன பொறவுதான் எனக்கச் சுவரும் நனையத் தொடங்கிச்சு, கேட்டியா மக்களே" என்றார். அப்பா முற்றத்தை மூடியது எனக்குப் பிடிக்காத விஷயம், பெரியம்மைக்கும் பிடிக்காத விஷயம் என்பது தெரியும். வயதானவர் பழைய குறையைக் கிளப்புகிறார் என்று நினைத்துக்கொண்டேன். "அது இருக்கட்டும் பெரியம்மை, உங்க குளியலறையில தரையோட்டுக்குக் கீழ தண்ணி இறங்குது" என்றேன். எதை வைத்து அவ்வளவு உறுதியாகச் சொன்னேன் என்று இப்போது கேட்டால் பதில் இல்லை.

அண்ணனுக்கு (பெரியம்மையின் மகனை அப்படித்தான் கூப்பிடுவேன்) போன் செய்தேன். படம் அனுப்பினேன். கெட்டுப்போன புடவைகளின் படத்தையும் சேர்த்து அனுப்பினேன், அது தேவையே இல்லை. அவர் இரண்டு நாள் பதில் சொல்லாமல் இருந்து, கடைசியில் "சரி, என்னமும் செய்யுங்க" என்று பணம் அனுப்பினார். டிசம்பரில் பெரியம்மையின் குளியலறைத் தரையை உடைத்து, குழாய் மாற்றி, நீர் கசியாத பூச்சுப் பூசி, புதிய தரையோடு ஒட்டினார்கள். 38,000 ரூபாய். பதினோரு நாள் அந்த அம்மை குளிக்க எங்கள் கிணற்றடிக்கு வந்து போனார். வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தவரை நான்தான் கைப்பிடித்து வாசற்படி இறக்கிவிட்டேன். அப்போது எனக்குள் கொஞ்சம் பெருந்தன்மை கூடப் பொங்கியது. அதை நினைத்தால்தான் இப்போதும் கூசுகிறது.

கோடையில் சுவர் காய்ந்தது. பார்த்தீர்களா, நான் சொன்னது சரி என்று இரண்டு மூன்று பேரிடம் சொல்லிக்கொண்டேன். 2022 ஜூனில் இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை, பிடித்த நாலாம் நாள், அதே இடத்தில், அதே உயரத்துக்கு ஈரம் ஏறி நின்றது.

மூன்று கையெழுத்து

அப்பாவின் நோட்டுகளை அன்று இரவுதான் ஒழுங்காக உட்கார்ந்து படித்தேன். அப்பா ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கர். 1971 முதல் 2016 வரை வீட்டுச் செலவு ஒரு பைசா விடாமல் இருக்கிறது. 1994 மார்ச்சில் "முற்றம் மூடிய வகை 11,460" என்று ஒரு வரி. அடுத்த மாதம் "கி. சுவர் பூச்சு, சிமெண்ட் 14 மூட்டை" என்று ஒரு வரி, பக்கத்தில் விலை. கூலி தனி, மணல் தனி, கொத்தனுக்குக் காப்பி தனி. எல்லாம் உண்டு. மூடிய முற்றத்தில் விழுந்துகொண்டிருந்த மழைத்தண்ணீர் அதற்குப் பிறகு எந்த வழியாகப் போனது என்பது மட்டும் இல்லை. பழைய ஓடையை அடைத்தார்களா, அதன் மேலேயே தளம் போட்டார்களா, குழாய் போட்டார்களா, எதுவும் இல்லை. குழாய் வாங்கிய தொகை இருக்கிறது: "பி.வி.சி. 4 இஞ்ச், 30 அடி". முப்பது அடி எங்கிருந்து எங்கே? அதைத் தெரிந்தவர் போய்ச் சேர்ந்து நாலு வருடம்.

அப்பாவைக் குறை சொல்லிப் பயனில்லை. அவருடைய கவலை பணம். இரண்டு பிள்ளைகளைப் படிக்கவைத்துக்கொண்டு, தங்கைக்குச் சீர் செய்துகொண்டு, ஒரு சம்பளத்தில் ஓட்டியவர். மாசக் கடைசியில் எவ்வளவு மிச்சம் என்பதற்குத்தான் அந்த நோட்டு. என் கம்ப்யூட்டர் கட்டமும் அதே சாதிதான். தேதி, வேலை, ஆள், தொகை. "எங்கே" என்று ஒரு கட்டமே நான் போட்டிருக்கவில்லை. அப்பாவாவது குழாயின் அடியை எழுதியிருந்தார்.

அதே டிரங்குப் பெட்டியில் பாட்டாவின் நோட்டும் இருந்தது. தமிழும் மலையாளமும் கலந்து, கொல்லம் ஆண்டும் மாதமுமாக எழுதியது. கணக்கு சக்கரத்தில். பதினாறு காசு ஒரு சக்கரம், இருபத்தெட்டு சக்கரம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். இந்த வாய்ப்பாடு தெரியாமல் அந்த நோட்டில் ஒரு கூட்டலும் சரியாக வராது. 1123 துலாம் மாதத்தில், அதாவது 1947 ஐப்பசியில், கிழக்குச் சுவரைப் பூசியிருக்கிறார். சுண்ணாம்பு இத்தனை பறை, கடுக்காய் இவ்வளவு, கருப்பட்டி இவ்வளவு என்று எழுதிவிட்டு, "நம் வாசல் நிலையில் இருந்து எட்டு கோல் தள்ளி, தரையில் இருந்து ஒன்றரைக் கோல் மட்டும்" என்று இடத்தையும் எழுதியிருக்கிறார். தச்சுக்கோல் என்பது இருபத்துநாலு விரல், சுமார் 72 சென்டிமீட்டர். டேப்பை எடுத்துக்கொண்டு போய் அளந்தேன். எட்டு கோல் சரியாக என் ஈரச் சுவரில் போய் நின்றது. அதற்குக் கீழே இன்னொரு வரி: "பாதி கிழக்கு வீட்டார் தந்தது." கூடவே ஒரு கையெழுத்து, பாட்டாவுடையது இல்லை. பெரியம்மையின் மாமனாராக இருக்க வேண்டும்.

ஆக, அந்த இடம் 1947லேயே ஈரம் காத்த இடம். அப்போது அதைச் சமாளித்திருக்கிறார்கள், 1994க்குப் பிறகு முடியாமல் போயிருக்கிறது. ஏன் என்பது நோட்டில் இல்லை.

காலண்டர் கட்டு

மறுநாள் காலை பெரியம்மையிடம் போனேன். குளியலறை வேலை பலிக்கவில்லை என்பதை நானே போய்ச் சொல்ல வேண்டும். சொன்னேன். அவர் கோபப்படவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. "அதான் அண்ணைக்கே சொன்னேன்லா" என்றார். என்னமோ ஒரு வீம்பில் நான், "நீங்க சொன்னது சரிதான் பெரியம்மை, ஆனா அது முற்றத்தாலதான்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். அவர் எழுந்து உள்ளே போய், பத்தாயத்துக்குள் கையை விட்டு, பழைய சேலைக் கரையால் கட்டிய ஒரு சுருளை எடுத்துக்கொண்டு வந்தார். மாசக் காலண்டர்கள். நகைக்கடை, ஜவுளிக்கடை, அரிசி மண்டி என்று ஒவ்வொரு வருடமும் யார் கொடுத்தார்களோ அது. 1988லிருந்து. இடையில் ஐந்தாறு வருடங்கள் கரையான் கொண்டுபோயிருக்கிறது, இங்கே நாங்கள் சொல்கிற சிதல். மற்றதெல்லாம் இருக்கிறது.

பால் கணக்கு எழுதும் காலண்டர்தான் அது. கட்டத்துக்குள் "அரை லி", "இல்லை", "1 லி" என்று பென்சிலில். கேஸ் வந்த நாள், தேங்காய் வெட்டிய நாள், மகன் போன நாள், பசு கன்று போட்ட நாள். இவற்றோடு இன்னொன்றும் இருந்தது. சில கட்டங்களில் "சுவர் ஈரம்". 1994க்கு முன்னால் இருந்த தாள்களில் அது ஒன்றிரண்டு இடத்தில்தான் கண்ணில் பட்டது. 1994 ஏப்ரலில் "மே. வீட்டில் ஓடை தோண்டல், நம்ம சுவர் அதிருது." மேற்கு வீடு என்றால் எங்கள் வீடு. அந்த வருடம் அக்டோபர் 29: "சுவர் ஈரம்". நவம்பர் 6: "சுவர் ஈரம், பத்தாயம் நகர்த்தி". 1995 ஜூன், 1996 ஜூலை, நவம்பர். நான் தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு தாளாக விரித்தேன். பெரியம்மை வெற்றிலை போட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். ஜனவரி, பிப்ரவரி, மார்ச் கட்டங்களில் ஒரு வருடமாவது அந்தச் சொல் இருக்கிறதா என்று தேடினேன். இல்லை.

குளியலறை வருடம் முழுக்கப் புழங்குகிற இடம். மாசியிலும் அந்த அம்மை குளித்துக்கொண்டுதானே இருந்தார்? குளியலறைத் தண்ணீர்தான் இறங்கியிருந்தால் சுவர் மாசியிலும் நனைந்திருக்க வேண்டும். நனைந்ததெல்லாம் இடவப்பாதியிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் மட்டும். குமரி மாவட்டத்துக்குத்தான் இரண்டு மழை உண்டே, தென்மேற்கும் நமக்கு, வடகிழக்கும் நமக்கு. அந்த இரண்டும் அந்தக் காலண்டர்களில் இரண்டு மேடாகத் தெரிந்தன. இது மழைத்தண்ணீர். மழைத்தண்ணீர் விழுகிற இடம் அவர் பக்கத்தில் எதுவுமில்லை. என் பக்கத்தில் இருந்தது, அதன் மேல் அப்பா தளம் போட்டு மூடிவிட்டார்.

இதைக் கண்டுபிடிக்க எனக்கு இன்ஜினீயர் வேண்டாம், கருவி வேண்டாம். 2019ல் வந்த நாளிலிருந்து, சுவர் நனைந்த தேதியை மட்டும் நான் எங்காவது கிறுக்கி வைத்திருந்தால் 2021க்குள் எனக்கே புரிந்திருக்கும். செய்த வேலையை எழுதினேன், கொடுத்த பணத்தை எழுதினேன். சுவருக்கு என்ன ஆகிறது என்பதை எழுதத் தோன்றவில்லை. காய்ச்சல் எப்போது ஏறியது, எப்போது இறங்கியது என்று சொல்லாமல் மருந்துக்கடைச் சீட்டுகளை மட்டும் ஒரு கட்டாக எடுத்துக்கொண்டு வைத்தியரிடம் போனதுபோல இருந்தது என் கணக்கு. பெரியம்மை சீட்டு எதுவும் வைத்துக்கொள்ளவில்லை, காய்ச்சலை எழுதி வைத்திருந்தார். அதையும் எனக்கு வாயால் முதல் நாளே சொன்னார். நான் ஆதாரம் கேட்டேன்.

தரைக்குக் கீழே

பறக்கையிலிருந்து வருகிற கொத்தனார் ஒருவர் எங்களுக்குப் பழக்கம். அறுபதைத் தாண்டியவர், அப்பா காலத்தில் இங்கே கையாளாக வேலை பார்த்ததையும் சொல்வார். ஆனால் 1994 வேலையில் அவர் இல்லை. சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "டீச்சர், இது மேல இருந்து வந்த தண்ணி இல்ல. கீழ இருந்து ஏறின தண்ணி" என்றார். எங்கே உடைப்பது என்பதில்தான் தயக்கம். பெரியம்மை சுவருக்கு அந்தப் பக்கமிருந்தே, "உங்க அப்பன் சொவரை ஒட்டித்தான் கொண்டு போறேன்னு சொன்னான்" என்று குரல் கொடுத்தார். சுவரை ஒட்டி இரண்டடி அகலத்துக்கு உடைத்தோம். ஒன்றரை அடிக்குக் கீழே பழைய கல் ஓடை இருந்தது. கருங்கல் பாவிய, அழகான ஓடை. அப்பா காலத்துக் குழாயை அதன் வாய்க்குள் செருகி, சுற்றி சிமெண்டை அப்பிவிட்டிருந்தார்கள். அப்பியது பிளந்திருந்தது. அதற்கு அந்தப் பக்கம் ஓடையின் முக்கால்வாசி வண்டலும் முருங்கை வேரும். உள்முற்றத்துப் பக்கம் சரிகிற இரண்டு கூரைகளின் மழையும் பாத்தி (கூரைத் தண்ணீரை வாங்கும் தகரக் கால்வாய்) வழியாக அந்தக் குழாயில் இறங்கி, போக வழியில்லாமல் அங்கேயே நின்று, அஸ்திவாரத்துக்குள் ஊறிக்கொண்டிருந்திருக்கிறது. இருபத்தெட்டு வருடமாக.

மீதி விஷயத்தைக் கொத்தனாரே சொன்னார். பழைய சுவர் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும். அது ஈரத்தை உறிஞ்சும், வெயிலடித்தால் வெளியே விட்டுவிடும். 1947ல் பாட்டா பூசிய சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை அப்படித்தான் வெளியே விட்டது. 1994ல் அதன் மேல் சிமெண்டைப் பூசி, அதற்கு மேல் எண்ணெய்ப் பெயின்ட்டும் அடித்ததில் ஈரத்துக்கு வெளியேறும் வழி அடைபட்டது. பூச்சு முடிகிற இடம் எதுவோ அதுவரை ஏறித்தான் அது மூச்சு விடும். வருகிற வழியில் கரைத்துக்கொண்டு வந்த உப்பை அங்கே விட்டுவிட்டுப் போகும். அந்த உப்பு காற்றிலிருக்கிற ஈரத்தையும் இழுத்து வைத்துக்கொள்ளும். பெயின்ட் பொரிவதைப் பார்த்து நாம் இன்னும் கெட்டியான பெயின்ட்டாக வாங்கி அடிப்போம். என் கட்டத்தில் அப்படி இரண்டு வருடத்தில் மூன்று முறை பெயின்ட் வாங்கிய கணக்கு இருக்கிறது.

ஓடையைத் தூர்வாரி, குழாயைப் புறவாசல் வரை தனியாகக் கொண்டுபோய், நடுவில் மூடி போட்ட ஒரு தொட்டியும் வைத்தோம். சிமெண்ட் பூச்சை ஐந்தடி உயரத்துக்குக் கொத்தி எடுத்துவிட்டு, ஒரு முழுக் கோடை காய விட்டு, அதற்கப்புறம் சுண்ணாம்பு பூசினோம். சுண்ணாம்பு வேலை தெரிந்த ஆள் கிடைப்பதுதான் பாடு. நீற்றிய சுண்ணாம்பை நாள்கணக்கில் ஊறவிட்டு, சலித்து, பூசிய பிறகும் தண்ணீர் தெளித்துத் தெளித்து வளர்க்க வேண்டும். "இந்த நேரத்துக்கு நான் ரெண்டு வீடு பூசிருப்பேன் டீச்சர்" என்று கொத்தனார் தினமும் ஒருமுறை சொன்னார். செலவு எவ்வளவு என்று கேட்கிறவர்களுக்கு: ஓடை வேலையும் பூச்சும் சேர்த்து 61,000. அதோடு அந்த 25,000.

அந்தப் பணக் கதையையும் சொல்லிவிடுகிறேன். நடந்ததைச் சொன்னதும் பெரியம்மை, "எனக்குப் பைசா வேண்டாம் மக்களே" என்று சொல்வார் என எதிர்பார்த்தேன், ஒளிப்பானேன். அவர் சொன்னது, "பைசா அவனுக்கது, அவன்கிட்டப் பேசு." அண்ணனிடம் பேசினேன். குளியலறை எப்படியும் பழசுதான், புதிதாகிவிட்டதே என்று பாதிக்கு இழுத்தேன். அவர், பதினோரு நாள் அம்மை வாளி தூக்கினதுக்கு என்ன விலை என்று கேட்டார். 25,000த்தில் முடிந்தது. இரண்டாம் தவணை பத்து நாள் தாமதமானபோது வாட்ஸப்பில் இரண்டு முறை ஞாபகப்படுத்தினார். சரிதான், நானும் அப்படித்தான் செய்திருப்பேன்.

ஓட்டின் முதுகில்

இதற்குப் பிறகு பாட்டாவின் நோட்டை நான் வேறு கண்ணோடு படிக்கத் தொடங்கினேன். 1957 ஏப்ரலில் நயா பைசா வந்ததும் அவருடைய கணக்கு மாறுகிறது. 1956 நவம்பர் 1ல் நாம் தமிழ்நாட்டோடு, அன்றைய சென்னை மாநிலத்தோடு, சேர்ந்த பிறகு தேதியும் மெல்ல மெல்ல ஆங்கில மாதத்துக்கு வருகிறது. ஆனால் இடம் குறிக்கிற பழக்கம் மாறவில்லை. கூரை மாற்றிய பக்கத்தில் "முன்பக்கம் பழைய அச்சு, பின்பக்கம் புது அச்சு" என்று ஒரு குறிப்பு. இதற்கு அர்த்தம் 2017 நவம்பர் 30ல் ஒக்கி வந்துபோன மறுநாள் தெரிந்திருக்க வேண்டியது. அப்பா அப்போது உடம்புக்கு முடியாமல் இருந்தார், நான் நாலு நாள் விடுப்பில் வந்து, பறந்துபோன ஓடுகளுக்குப் பதில் கிடைத்த இடத்தில் கிடைத்த ஓடுகளை வாங்கி ஏற்றச் சொன்னேன். பாசல் மிஷன் என்ற சுவிஸ் கிறிஸ்தவ சபைக்காரர்கள் மங்களூரில் 1865ல் தொடங்கி வைத்த அந்த ஓட்டுத் தொழில் கோழிக்கோடு, கொல்லம் என்று பரவியதில், ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு அச்சு. பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். ஒன்றின் பள்ளத்தில் இன்னொன்றின் வரம்பு அரை விரல் உட்காராது. அந்த அரை விரலில் மழை வரும். கம்பெனிப் பெயர் ஓட்டின் முதுகில்தான் பதித்திருக்கும், மேலேறி ஓட்டைக் கழற்றிப் புரட்டினால்தான் தெரியும். பாட்டா புரட்டிப் பார்த்திருக்கிறார். நான் 2022ல்தான் புரட்டினேன். இப்போது இரண்டு அச்சிலும் ஐம்பது ஐம்பது ஓடு பழைய வீடு இடிக்கிற இடத்தில் வாங்கிப் புறவாசலில் அடுக்கியிருக்கிறேன். எந்த அடுக்கு எந்தக் கூரைக்கு என்று கரியால் எழுதியும் வைத்திருக்கிறேன்.

இடிப்பது என்றதும் எங்களுக்கு மேற்கே ஒட்டியிருந்த வீடு ஞாபகம் வருகிறது. அது 2015ல் இடிந்து மாடியாகிவிட்டது. ஒட்டு வீட்டை இடித்தால் நடுச்சுவர் வெளிச்சுவராகிவிடும் என்பதை யாரும் யோசிப்பதில்லை. மழையே பார்த்திராத சுவர், வெளிப்பூச்சு இல்லாத சுவர், திடீரென்று தென்மேற்கு மழைக்கு முகம் கொடுத்து நிற்கிறது. அதைப் பூசுவது யார் பொறுப்பு என்பதில் அப்பாவுக்கும் புதிதாக வாங்கியவருக்கும் மூன்று வருடம் பேச்சில்லை. அப்பாவின் நோட்டில் அதற்கு ஒரு வரி: "மே. சுவர் பூச்சு 22,300." யார் கொடுத்தது என்று இல்லை. அப்பாதான் கொடுத்திருப்பார்.

இப்போது நான் வைத்திருப்பது நீளமான ஒரு ரெக்கார்டு நோட்டு. எழுதுவது பென்சிலில். மை ஈரத்தில் கலங்குகிறது, கடை பில்லில் அச்சு ஒரு வருடத்தில் வெளுத்து வெற்றுத்தாளாகிறது. தரையோ சுவரோ மூடுவதற்கு முன்னால், டேப்பை விரித்துக் குறுக்கே வைத்து, நிலையோ ஜன்னலோ ஒன்று சட்டத்துக்குள் தெரியும்படி போட்டோ எடுக்கிறேன். வெறும் பள்ளத்தை எடுத்தால் பத்து வருடம் கழித்து அது எந்த அறைப் பள்ளம் என்று கடவுளுக்குத்தான் தெரியும். செய்யாமல் விட்டதையும் எழுதுகிறேன்: "மூன்றாவது கழுக்கோலில் சிதல், அண்டி எண்ணெய் அடித்திருக்கிறது, மாற்றவில்லை, ஆசாரி அடுத்த வருடம் என்றார்." (கழுக்கோல் என்றால் கூரையின் சாய்வுச் சட்டம், அண்டி எண்ணெய் என்றால் முந்திரிக்கொட்டை ஓட்டு எண்ணெய்.) ஈரத்துக்கும் விரிசலுக்கும் தனிப் பக்கம், தேதியோடு. விரிசலின் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதிவிட்டால், அது வளர்கிறதா, சும்மா கிடக்கிறதா என்று சுவரே சொல்லும். தம்பி வீடியோ அழைப்பில் பார்த்துவிட்டு, "அக்கா, சுவரெல்லாம் கிறுக்கி வச்சிருக்க, விக்கும்போது எவன் வாங்குவான்?" என்றான். அவன் இன்னும் விற்கிற யோசனையில்தான் இருக்கிறான்.

ஒரு வேலை மட்டும் பாட்டாவைப் பார்த்துச் செய்தேன். கிழக்குச் சுவர் சம்பந்தப்பட்ட பக்கங்களை ஒரு தாளில் தெளிவாக நகலெடுத்து, ஓடை எங்கே போகிறது, தொட்டி எங்கே இருக்கிறது, பூச்சு எதுவரை என்று படமும் போட்டு, பெரியம்மையிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடி பக்கத்தில் இல்லை. "பொறவு பாக்கேன்" என்று வாங்கி, காலண்டர் சுருளுக்குள் செருகிக் கட்டிவிட்டார். அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

மறுநாள் காலை நான் அங்கணத்தில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தபோது சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

"மக்களே, தொட்டி மூடி வாசல் நிலையில இருந்து இருவத்திமூணு அடின்னு எழுதிருக்கியே. எந்த வாசல் நிலை? உனக்கதா, எனக்கதா?"

கையைக் கழுவிவிட்டு, பென்சிலை எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனேன்.